மலைநாட்டில் செய்தி நடந்த வழி

ஒரு தொழிலைச் செய்வோர் அனைவரும் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருந்து பணி புரிதல் எல்லாத் தொழிலுக்கும் இயல்வதன்று. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவரும் பொறியை இயக்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தவாறே வேலை செய்கின்றனர். தேயிலைத் தொழிலோ அத்தகையதன்று. சரிவிலே கொழுந்து பறிக்கும் பெண், கொழுந்தை வாட்டியும் அரைத்தும் தூளாக்கும் ஆலைத் தொழிலாளி, கணக்கெழுதும் அலுவலர், கொழும்பு ஏலத்திலே விலை கூறும் தரகர் ஆகிய இவர்கள் ஒருவரையொருவர் கண்டறியார். ஆயினும் காலையிற் பறித்த கொழுந்து அன்றைய தினமே ஆலைக்குச் சேராவிடின் அதன் தரம் கெடும். ஒருவர் தவறினால் மற்றவர் உழைப்பும் வீணாகும். முகமறியாத இவர்களை ஒரே வேலையிற் பிணைத்து வைத்திருப்பது யாது? செய்தி ஒன்றே. செய்தி செல்லும் வழி எதுவோ, அதற்கேற்பவே அவர்களுடைய கூட்டுழைப்பும் அமைகின்றது.

இக்காலத்தில் முகநூலும் வட்ஸ்அப்பும் இப்பணியைச் செய்யும் கருவிகளாகியுள்ளன. பல ஊர்களிற் பிரிந்திருக்கும் பணியாளரை இவை எங்ஙனம் ஒன்று சேர்க்கின்றன, எங்ஙனம் பிரிக்கின்றன என்பதைப் பல நாட்டு அறிஞர்களும் ஆராய்கின்றனர். ஹட்டனைச் சூழ்ந்த தேயிலை மலைகளுக்கு இவ்வினா புதியதன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மலைகளில் அது கேட்கப்பட்டே வந்திருக்கின்றது. தப்பு, தபால், தந்தி, புகையிரதம், பத்திரிகை, பாட்டு, வானொலி, கைத்தொலைபேசி என ஒன்றன்பின் ஒன்றாகப் பல கருவிகள் இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் யாருடைய கையில் இருந்தது, யாரைப் பேச விட்டது, யாரைக் கேட்க மட்டுமே விட்டது என நோக்குவோமாயின், மலைநாட்டுத் தொழிலாளரின் வரலாறே ஒரு புதிய ஒளியிற் புலப்படும்.

இம்மலைகளின் அமைப்பை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என ஒருபுறமும், கொட்டகலை, தலவாக்கலை என மறுபுறமும் தோட்டங்கள் விரிந்து செல்கின்றன. ஒரு தோட்டமே மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு எனப் பல பிரிவுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு பிரிவின் லயத்திலிருந்து எதிர்மலையின் லயத்து விளக்கு கண்ணுக்குத் தெரியும்; ஆனால் இடையிலுள்ள பள்ளத்தாக்கைக் கடந்து அங்கே செல்ல அரைநாள் வேண்டும். தூரத்தினும் பெரிய தடை ஒன்று இருந்தது. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் உட்புகுதல் குற்றமாகக் கருதப்பட்டது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. மலையும் சட்டமும் ஒருங்கே மனிதரைப் பிரித்து வைத்திருந்தன.

தொழிலாளரை அங்குக் கூட்டுவித்த முதற்கருவி தப்பு. பொழுது புலருமுன் லயங்களின் அருகே தப்பொலி எழும். ஆணும் பெண்ணும் அவ்வொலி கேட்டுப் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பர். எந்த மலையில் கொழுந்து, எந்த மலையிற் கவ்வாத்து, எங்கே கான் வெட்டுதல் என அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும். பேர் பதியப்படும். பின்னர் அவர்கள் கங்காணிமாரின்பின் வெவ்வேறு சரிவுகளுக்குப் பிரிந்து செல்வர். ஒரு கணம் கூடி, நாள் முழுதும் பிரிந்து, மாலையிற் கொழுந்து நிறுக்கும் இடத்திலே மீண்டும் கூடுவதே தோட்டத்து வாழ்வின் நடை. பெரட்டிலே செய்தி மேலிருந்து கீழ்நோக்கியே வந்தது. கீழிருந்து மேலே செல்ல வேண்டிய சொல்லுக்குக் கங்காணி என்ற ஒரே வாயிலே திறந்திருந்தது. அவ்வாயில் மூடினால் அச்சொல் லயத்துக்குள்ளேயே அடங்கிப் போயிற்று.

துரைமாரும் மலைக்கு மலை சிதறியே வாழ்ந்தனர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒரு தோட்டத்துத் துரைக்கு அடுத்த தோட்டத்துத் துரையைக் காணுதல் எளிதாக இருக்கவில்லை. ஆனால் அவர்களிடம் கருவிகள் பல இருந்தன. 1854 ஆம் ஆண்டிலேயே கண்டியில் இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கத்தை அவர்கள் நிறுவினர். கொழும்பிலே வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகைகள் அவர்களுடைய கடிதங்களையும் கருத்துகளையும் ஏந்தி மலைக்கு மலை சென்றன. 1881 இல் ஜோன் பெர்குசன் தொடங்கிய வேளாண்மை இதழ், உரம், விதை, நோய் முதலியவற்றைப் பற்றிய அனுபவங்களைத் துரைமார் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் களமாயிற்று. 1869 இல் கோப்பியைப் பற்றிய இலைநோய் பின்னர் அப்பயிரையே அழித்தது. அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் தேயிலை மலைநாடு முழுவதும் பரவியதற்கு இத்தகைய செய்திப் பரிமாற்றமும் துணை செய்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே செய்த முயற்சி, ஏனைய தோட்டங்களும் பின்பற்றும் வழியாயிற்று.

இதே செய்திப் பரிமாற்றத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதுவே துண்டு எனப்பட்ட சிறு காகிதம். ஒரு கங்காணியும் அவனுடைய ஆட்களும் பட்ட கடன் இன்ன தொகை. அத்தொகையைச் செலுத்துவோருக்கு இவர்கள் விடுவிக்கப்படுவர் என ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாத தொழிலாளியைப் பிற தோட்டத்தார் ஏற்றுக்கொள்ளத் தயங்கினர். காகிதம் ஒன்று மலைக்கு மலை நடந்து, மனிதரைக் கடனோடு கட்டி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றியது. தம் வாழ்வை நிர்ணயித்த அச்சீட்டிலே எழுதியிருந்ததை அம்மனிதரிற் பலர் படிக்க அறியார். 1921 ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட சட்டத்தினாலேயே இத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. செய்திக்கருவி ஒரு சாராரிடம் மட்டுமே இருக்குமாயின் அஃது அவர்களை ஒன்று சேர்க்கும். மற்றையோரைக் கட்டிப்போடும் என்பதற்குத் துண்டினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1884 ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. அடுத்த ஆண்டிலே அது சிங்கமலைச் சுரங்கத்தினூடாகச் சென்று நானுஓயாவை அடைந்தது. காட்டு வழியில் ஒற்றைச் சந்தியாக இருந்த ஹட்டன் அன்று முதல் ஒரு பட்டினமாக வளரத் தொடங்கியது. சூழவுள்ள தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் இங்கே வந்து இறங்கின. அரிசி மூட்டைகள் இங்கிருந்தே மலைகளுக்குச் சென்றன. கொழும்பில் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியிருந்தது. இலண்டனில் விலை உயர்ந்ததும் தாழ்ந்ததும் தந்தி வழியே கொழும்புக்கு வந்து, அங்கிருந்து முகவர் நிறுவனங்களின் கடிதங்களாக மலைக்கு ஏறியது. எத்தனை நாளைக்கு ஒருமுறை பறிப்பது, எத்துணை மென்மையாகப் பறிப்பது என்பனவற்றிலும் தொலைநாட்டுச் சந்தையின் குரல் ஒலித்தது. பறித்த கைகளுக்கு மட்டும் அக்குரலின் காரணம் சொல்லப்படவில்லை.

ஆயினும் புகையிரதம் துரைக்கென மட்டும் ஓடவில்லை. முற்காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். பின்னாளிலே கப்பலும் புகையிரதமும் அவர்களை ஏற்றி வந்தன. அவற்றோடு கடிதங்களும் வந்தன. தோட்டத்துத் தபால்காரன் தபாற் பையோடு மலையேறி வரும் வேளையை லயங்கள் ஆவலுடன் எதிர்நோக்கின. திருச்சிராப்பள்ளிச் சீமையிலும் சேலத்திலும் உள்ள உறவினர் எழுதிய கடிதத்தை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, லயம் முழுவதும் கூடிக் கேட்டது. ஒருவர் கடிதம் ஊரார் கடிதமாயிற்று. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் இவ்வழக்கமே பிற்காலத்தில் மலைநாட்டின் அரசியலுக்கும் அடித்தளமாகியது.

இவ்வழக்கத்தின் வலிமையை நன்கு உணர்ந்து பயன்படுத்தியவர் கோ. நடேசய்யர். தஞ்சை மாவட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த அவர், வெளியார் புகமுடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியைப் போலச் சென்று தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டார் என்பது யாவரும் அறிந்த செய்தி. பத்திரிகையையே அவர் தம் கருவியாகக் கொண்டார். 1924 ஆம் ஆண்டு முதல் அவர் நடத்திய ‘தேசபக்தன்’ தோட்டத் தொழிலாளரின் குறைகளை அச்சில் ஏற்றியது. மலைகளில் எழுத்தறிந்தோர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆனால் ஒரு பிரதியை ஒருவர் படிக்க இருபதுபேர் கேட்டால், அவ்விருபதின்மரும் வாசகரே. ஒரு தோட்டத்தில் நிகழ்ந்த கொடுமை மறு தோட்டத்தாருக்குத் தெரிய வந்தது. தம் துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என்ற உணர்வு அங்கேதான் பிறந்தது. ஒற்றுமைக்கு அவ்வுணர்வே வித்து.

1931 ஆம் ஆண்டில் நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனில் அமைத்தார். அவர் கொழும்பை விடுத்து ஹட்டனைத் தேர்ந்ததன் காரணம் எளிதில் விளங்கும். புகையிரதம், கடைவீதி, சந்தை, சம்பள நாளின் சனத்திரள் ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்த இடம் அது. தோட்டத்து எல்லைக்குள் கூடமுடியாத மக்கள் பட்டினத்திலே கூடலாம். இவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் மற்றொரு வழியையும் கண்டார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளிலே தொழிலாளர் துயரைப் பாடல்களாக அமைத்து, கூட்டங்களிற் பாடினார். அவற்றைச் சிறு நூல்களாகவும் அச்சிட்டு வழங்கினார். பாட்டைக் காவலாளி தடுக்க இயலாது. எழுத்தறியாத பெண்ணும் அதை மனத்தில் ஏற்றிக்கொண்டு கொழுந்து மலைக்குச் செல்லலாம். பக்கத்து நிரையிற் பறிப்பவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கலாம். கைகள் இரண்டும் வேலையில் இருக்கும் ஒருவருக்கு ஏற்ற செய்திக்கருவி எதுவென அம்மையார் நன்கறிந்திருந்தார்.

அச்சும் பாட்டும் விதைத்தது 1940 ஆம் ஆண்டில் முளைத்து எழுந்தது. முதல் ஆண்டாகிய 1939 இலே, நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியிருந்தது. சமசமாசக் கட்சியினரும் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் அமைத்தனர். 1940 சனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அச்செய்தி மலைகளில் அடங்கிவிடவில்லை. அடுத்த சில மாதங்களிலே தோட்டந்தோறும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. ஊவாவின் வெவெஸ்ஸைத் தோட்டம் வரை அவ்வலை சென்றது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் துரைமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தம் எனப் பெயர்பெற்ற உடன்பாட்டுக்கு வந்தன.

அந்நாளிலே தொழிலாளர் கையில் தொலைபேசி இல்லை. செய்தி சந்தைக்கு வந்தவர் வாயிலாகச் சென்றது; பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவினர் வாயிலாகச் சென்றது; மரணவீட்டிலும் திருவிழாவிலும் கூடியவர் வாயிலாகச் சென்றது. அது மெல்லவே சென்றது. ஆனால் செய்தியைக் கொண்டு வந்தவன் யார், அவன் தகப்பன் யார் என்பது கேட்டவனுக்குத் தெரியும். சொன்னவன் தன் சொல்லுக்குப் பிணை நின்றான். பொய்யாயின் மறுவாரச் சந்தையில் அவன் முகங்கொடுக்க வேண்டும். வேகத்தில் இழந்ததை அச்செய்தி நம்பிக்கையில் ஈட்டிக்கொண்டது.

இந்நம்பிக்கையை நிலைப்படுத்தும் அமைப்பாகவே தொழிற்சங்கம் வளர்ந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தலைவர், பெண்களுக்கென மாதர் சங்கத் தலைவி, தோட்டக் கமிட்டி, அவற்றுக்கு மேலே மாவட்டப் பிரதிநிதி, அனைத்துக்கும் மேலே தலைமைக் காரியாலயம் என அது படிப்படியாக அமைந்தது. மழையில் ஒழுகும் லயக் கூரை முதல் சம்பள உயர்வு வரை எல்லா முறைப்பாடும் அப்படிகளின் வழியே மேலேறின. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. நாடாளுமன்றம் கேளாத நிலையில், அம்மக்களின் குரலைக் கேட்கக் கூடிய அமைப்பாகச் சங்கமே எஞ்சியது. சந்தாப் பணம் வெறும் சந்தாவாக அன்றித் தம் குரலுக்குக் கொடுத்த விலையாகவே தொழிலாளருக்குத் தோன்றியது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை நீண்ட அந்த அரை நூற்றாண்டுக் காலத்தில், சங்கத்தின் படிகள் உயர்ந்தன. உயர உயர, அடிப்படியில் நிற்பவன் சொல் உச்சியை எட்டும்முன் தேய்ந்து போவதும் உண்டாயிற்று.

இடையிலே வானொலி லயங்களுக்குள் வந்தது. கொழும்பில் 1925 இலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டதாயினும், மின்கலத்தால் இயங்கும் சிறிய டிரான்சிஸ்டர்ப் பெட்டிகள் பரவிய பின்னரே தொழிலாளர் குடும்பங்கள் அதைத் தமதாக்கிக்கொண்டன. மின்சாரம் எட்டாத லயத்திலும் ஒரு பெட்டி பாடியது; நான்கு வீட்டார் கேட்டனர். நாட்டு நடப்பும் உலக நடப்பும் தமிழில் அவர்களை அடைந்தன. எதிர்மலைக்காரனும் அதே வேளையில் அதே சொல்லைக் கேட்கிறான் என்ற எண்ணமே ஒருவகை உறவை உண்டாக்கியது. எனினும் வானொலி சொல்லுமேயன்றிக் கேட்பவனின் மறுமொழியை அக்கணமே வாங்குவதில்லை. நேயர் கடிதம் ஒன்றே அதற்கிருந்த வழி.

1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அதன்பின் கம்பனிகளின் சார்பிலான அமைப்பும் ஒருசில பெரிய தொழிற்சங்கங்களும் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தின் வாயிலாகவே நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. இதே காலத்திலே தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கினர். கொழும்பின் கடைகள், உணவகங்கள், கட்டட வேலைத்தலங்கள், தனியார் அலுவலகங்கள் எங்கும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பிள்ளைகள் பணிபுரிந்தனர். பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றனர். தாய் கொழுந்து மலையில், மகன் புறக்கோட்டையில், மகள் குவைத்தில் எனக் குடும்பமே சிதறியது. அச்சிதறலை ஓரளவேனும் தாங்கியது கைத்தொலைபேசி.

2018 ஆம் ஆண்டில் இக்கருவியின் ஆற்றலும் அதன் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்டன. 2016 இற் செய்த ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. வரவுக்கொடுப்பனவு 60 ரூபா, தேயிலை விலைப் பங்கு 30 ரூபா, கூடுதற் கொழுந்துக்கான கொடுப்பனவு 140 ரூபா ஆகியன சேர்ந்தால் 730 ரூபா. வரவு குறைந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அம்மேலதிகமும் குறையும். அவ்வொப்பந்தம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அடிப்படைச் சம்பளம் 1000 ரூபாவாதல் வேண்டும் என்ற கோரிக்கை மலைநாடெங்கும் எழுந்தது. அக்கோரிக்கை இம்முறை தோட்டங்களிலும் சங்கக் காரியாலயங்களிலும் மட்டும் ஒலிக்கவில்லை. கொழும்பில் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலும் அது ஒலித்தது.

ஒக்டோபர் 24 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே கறுப்புடை அணிந்த இளைஞரும் யுவதியரும் ஆயிரக்கணக்கில் வந்து கூடினர். சமூக வலைத்தளங்களின் வாயிலாக ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு வந்தோர் அவர்கள். கடையிலும் அலுவலகத்திலும் தனித்தனியே நின்று, தாம் தோட்டத்துப் பிள்ளை என்பதைச் சொல்லவும் தயங்கியோர் பலர் அவர்களுள் இருந்திருப்பர். அன்று அவர்கள் தம் பெற்றோரின் சம்பளத்துக்காகத் தலைநகரின் கடற்கரையில் நின்றனர். மலையில் நிகழ்வதைத் தலைநகரம் காணாது என்றிருந்த நிலை அன்று மாறியது. நடேசய்யரின் பத்திரிகை பல ஆண்டுகளாகச் செய்ய முயன்ற ஒன்றை, உள்ளங்கையில் அடங்கும் கருவி சில வாரங்களிலே செய்து முடித்தது. ஒருவர் துன்பம் அனைவர் துன்பமாயிற்று.

ஆனால் நிகழ்ச்சிகள் அத்துடன் முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒக்டோபர் 26 ஆம் நாள், ஜனாதிபதி பிரதமரைப் பதவியிலிருந்து நீக்கினார். நாட்டின் கவனம் முழுவதும் அவ்வரசியல் நெருக்கடியிற் சென்றது. டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடைபெற்றது. 2019 சனவரி 28 ஆம் நாள் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக உயர்ந்தது. விலைப் பங்கு 50 ரூபாவாயிற்று. வரவுக்கொடுப்பனவும் கூடுதற் கொழுந்துக் கொடுப்பனவும் நீங்கின. மொத்தம் 750 ரூபா. எல்லாக் கொடுப்பனவையும் முழுமையாகப் பெற்றுவந்த தொழிலாளிக்குக் கிடைத்த உயர்வு 20 ரூபாவே. 1000 ரூபா அன்று வரவில்லை. 2021 மார்ச்சில், கூட்டு ஒப்பந்தத்துக்குப் புறம்பாக, சம்பள நிர்ணயச் சபையின் தீர்மானத்தின் வாயிலாகவே அது வந்தது.

இதன் காரணம் ஆராயத்தக்கது. காலிமுகத்திடலில் நின்ற இளைஞருக்கு ஒப்பந்த மேசையில் ஆசனம் இல்லை. கையொப்பமிடும் உரிமை ஒருசில சங்கங்களுக்கே இருந்தது. இளைஞர் அழைக்க வல்லவராயினர், கூட வல்லவராயினர், தம் குரலை உலகு கேட்கச் செய்தனர். ஆனால் பேச்சுவார்த்தை அறைக்குள் அவர்கள் சார்பிற் செல்லவும், உள்ளே நிகழ்ந்ததை வந்து சொல்லவும், பேசியதற்குப் பொறுப்பேற்கவும் ஒருவரையும் அவர்கள் தேர்ந்து அனுப்பியிருக்கவில்லை. சங்கங்களிடம் ஆசனம் இருந்தது. மேலும் கீழும் சொல் ஓடும் பாதை பழுதுற்றிருந்தது. இளைஞரிடம் சொல் விரைந்தோடும் பாதை இருந்தது, ஆசனம் இல்லை. இவ்விரண்டும் ஒன்று சேராமற் போனமையே அன்றைய குறை. அதன் விலையைக் கொடுத்தவர் கொழுந்து மலையில் நின்ற தாய்மார்.

கருவியின் வேகம் தன்னளவில் நன்மையன்று என்பதையும் அதே ஆண்டு காட்டியது. 2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது, வெறுப்புரைகளும் வதந்திகளும் இதே கருவிகளின் வழியே பரவின. அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாள் முடக்க நேர்ந்தது. சந்தைக்குச் செய்தி கொண்டு வந்தவனின் முகம் தெரிந்தது. கைத்தொலைபேசிக்கு வந்த செய்தியின் முகம் தெரியவில்லை. பிணை நிற்பவன் இல்லாத சொல், நல்லதைச் சுமந்த அதே வேகத்தில் தீயதையும் சுமந்தது.

இன்றைய தோட்டங்களிலும் இக்கருவி வேலையோடு கலந்து நிற்கின்றது. மழையின் அளவு, பறித்த கொழுந்தின் நிறை, லொறி புறப்பட்ட நேரம் ஆகியவற்றை அலுவலர் ஒருவருக்கொருவர் கைத்தொலைபேசியிலே தெரிவித்துக்கொள்கின்றனர். முன்னர்த் தபால்காரன் கால்நோக நடந்து கொண்டு சேர்த்த துண்டுக் குறிப்புகள் இப்போது கணப்பொழுதிற் சென்று சேர்கின்றன. சங்கத்தாரும் கூட்டத்துக்கு அழைக்கவும் அறிவித்தலைப் பரப்பவும் இதையே நாடுகின்றனர். குரலைப் பதிந்து அனுப்பும் வசதி குறிப்பாக நோக்கத்தக்கது. எழுதப் பழகாத முதிய தாயும் அதன் வழியே தன் சொல்லைத் தன் குரலிலேயே அனுப்பலாம். மீனாட்சி அம்மையார் பாட்டினாற் கடந்த தடையை இது வேறொரு வகையிற் கடக்கின்றது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். பகல் முழுவதும் அவர்களுடைய இரு கைகளும் தேயிலைச் செடியின்மீதே இருக்கின்றன. மாலையில் நிறுவை முடித்து வீடு வந்தால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. அவ்வேளையில் கைத்தொலைபேசியில் நடக்கும் கலந்துரையாடலைப் பார்க்கவும் மறுமொழி சொல்லவும் அவர்களுக்கு ஓய்வேது? பல வீடுகளில் கருவி கணவன் கையிலோ மகன் கையிலோ இருக்கின்றது. மலைக்கும் மலைக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்துவிட்டது. ஒரே லயத்தில் கருவியை வைத்திருப்பவருக்கும் வைத்திராதவருக்கும் இடையே புதிய தூரம் ஒன்று தோன்றியுள்ளது. மலை நன்கு பறிக்கப்பட்டதா, நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, நாளொன்றுக்குக் கேட்கப்படும் கொழுந்து நியாயமானதா என்பனவற்றை அப்பெண்களினும் நன்கு அறிந்தவர் வேறெவரும் இலர். அவர்கள் பேசாத கூட்டத்தில், எத்துணை விரைவான கருவி இருப்பினும், வேலையைப் பற்றிய உண்மை பேசப்படாமலே போகும்.

மலைநாட்டின் வரலாறு இவ்வகையில் ஒரு பாடத்தைத் தருகின்றது. துண்டு, தந்தி, பத்திரிகை, வட்ஸ்அப் ஆகிய ஒவ்வொன்றும் யாருடைய கையில் இருந்ததோ அவரையே முதலில் வலிமையுடையவராக்கியது. அஃது எல்லார்க்கும் பொதுவாகி, கீழிருந்து எழும் சொல்லையும் ஏற்று, சொன்னதற்குப் பொறுப்பேற்கும் ஒருவரை ஒவ்வொரு லயத்திலும் பெற்றபோதே உண்மையான கூட்டுறவு உண்டாயிற்று. நடேசய்யர் காலத்தில் ஒருவர் படிக்க இருபதுபேர் கேட்டனர். கேட்டபின் அவ்விருபதின்மரும் பேசினர்; பேசி ஒருவரைத் தேர்ந்து துரையிடம் அனுப்பினர். அனுப்பப்பட்டவர் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். இக்காலத்துக் கருவி அம்முதற்பகுதியை மிக எளிதாக்கித் தந்துள்ளது. பிற்பகுதியை மனிதரே செய்தல் வேண்டும்.

ஹட்டன் மலைகளில் இன்றும் விடியலிலே பெரட்டுக்கு ஆட்கள் கூடுகின்றனர். நிற்பவர் பலர், அழைப்பு எவ்வழியே வந்தாலென்ன? களத்தின் பின்வரிசையில் கூடையோடு நிற்பவளுக்கும் ஒரு சொல் உண்டு. அச்சொல் மலையிறங்கிக் கொழும்பு மேசைவரை சென்று, அதற்கான மறுமொழி அவளிடமே திரும்பி வரும் நாளிலேதான், சிதறிக் கிடக்கும் இத்தொழிலாளர் உண்மையில் ஒன்றுகூடியவராவர்.